தண்ணீரைப் படம் பிடிப்பவர்கள்

தண்ணீரைப் படம் பிடிப்பது சுலபம். அதனால்தானோ என்னவோ, நல்ல தண்ணீர்ப் படங்கள் அபூர்வமாக இருக்கின்றன.

விழுப்புரத்துக்கு அருகே உள்ள பனமலையையே எடுத்துக்கொள்வோம். காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய ராஜசிம்ம பல்லவன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, இங்கே ஒரு சிறு குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டினான். உள்ளே, குடைநிழலில் நிற்கும் உமாதேவியின் சுவரோவியம். கீழே, பரந்த ஏரி. காமிராவோடு ஏறுகிறவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஓவியத்தின் படங்களில் எனக்குக் குறையில்லை. ஏரிப் படங்களைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அவை அநேகமாக மாலை வேளையில் எடுத்தவை. பொன்னிற நீர், அதில் மிதக்கும் மேகம், கரையில் ஒரு பனைமரம். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் தண்ணீர் எங்கே? நீரை நேர் மேலிருந்து பார்த்தால், விழுகிற ஒளியில் நூற்றுக்குச் சுமார் 2 பங்குதான் திரும்பி வரும். சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது கண்ணாடியாகிவிடும். ஆகவே, சாய்ந்த வெயிலில் நம்மவர்கள் எடுத்து வருவது வானத்தின் படம். ஏரி அதற்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவே.

காமிராவின் இந்தக் குறும்பு பழையது. லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரைத் தெப்பக்குளத்தைப் படம் பிடித்தார். அக்காலத்துக் காகித நெகடிவில் ஒளி பதிய வெகு நேரமாகும். அதற்குள் எழுந்து அடங்கிய சிற்றலைகளெல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்து, வழவழப்பான தளம்தான் மிஞ்சும். ட்ரைப்புக்கு வேறு வழியில்லை. கண்ணிமைப்பதற்குள் படம் எடுக்கும் காமிராவை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே நேரத்தை நீட்டி அருவியைப் பாலாக்குகிற இன்றைய ரசிகர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், கடலின் நீலத்தைக் கண்டு யோசனையில் ஆழ்ந்தார். அது வானத்தின் பிரதிபலிப்பே என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியே மேற்பரப்பின் பளபளப்பை அகற்றிவிட்டுப் பார்த்தார். நீலம் போய்விடவில்லை, முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. படக்கலைஞனுக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

பனமலை ஏரியின் பளபளப்பை அகற்றிவிட்டுப் பார்த்தால், தண்ணீர் வந்த வழி தெரியும். திருவண்ணாமலைப் பக்கம் கீரனூரில் துரிஞ்சலாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு. அங்கே புறப்படும் நந்தன் கால்வாய், வழியில் பல ஏரிகளை நிரப்பிக்கொண்டு பனமலை வரை வர வேண்டும். 'வர வேண்டும்' என்றேன். கால்வாயைச் சீர்ப்படுத்தச் சொல்லி உழவர்கள் பல வருஷங்கள் கேட்டுவந்த கதை அந்த இரண்டு சொற்களில் அடங்கும். அந்தக் கதையை எடுக்க யாரும் முண்டியடிப்பதில்லை. மண்மேட்டிலும் முட்புதரிலும் சூரியாஸ்தமனம் எடுபடாதே!

பத்திரிகைகளுக்கும் இரண்டே படங்கள்தாம் தெரியும்: பாளம் பாளமாக வெடித்த ஏரி, சாலையை விழுங்கிய வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளப் படங்களை நாடே பார்த்தது. அவை வேண்டியவைதாம், துயரத்தைக் காட்டி உதவியை வரவழைத்தன. ஆனால் கால்வாய் தூர்வதும், மதகு பழுதாவதும், கரை இளகுவதும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவே, ஒருவரும் எட்டிப் பார்க்காத மாதங்களில் நடக்கின்றன. ஏரியின் கதி அப்போதுதான் தீர்மானமாகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். கல்யாணத்தையும் சாவையும் எழுதிவிடலாம். நடுவில் உள்ள வெறும் நாட்கள்தாம் பேனாவுக்குள் வராமல் சண்டித்தனம் செய்யும். அவற்றை எழுதத் தெரிந்தவனைத்தான் நாவலாசிரியன் என்கிறோம். ஒரு கால்வாயின் வெறும் நாட்களை எடுக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், கீரனூரிலிருந்து பனமலை வரை காமிராவோடு நடந்து வரட்டும். குன்றின்மேல் ஏற அவசரமில்லை. கோயில் 1,300 வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது.