விலை சொல்லத் தெரிந்த பிள்ளை

சென்னையிலும் புதுச்சேரியிலும் சனி, ஞாயிறு நடக்கும் கைவினைக் கண்காட்சிகளில் எங்கள் பக்கத்து மரச்சிற்பக் கடையை எளிதில் அடையாளம் காணலாம். வாகை மரத்தில் செதுக்கிய பிள்ளையார், தசாவதாரப் பலகை, குதிரை, யானை. அவற்றின் பின்னால் ஒரு தச்சர். அவர் அருகே பெரும்பாலும் ஒரு பள்ளிப் பிள்ளை இருக்கும். அக்கா மகளோ, தம்பி மகனோ, பேரனோ. வருகிறவர்களுக்கு அந்தக் காட்சி பிடித்துப்போகிறது. கலை அடுத்த தலைமுறைக்குப் போகிறதே என்று மகிழ்ந்து, பிள்ளையையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்திலிருந்து பார்க்கும் எனக்கும் இந்த வழக்கம் பிடிக்கும். ஆனால் மற்றவர்கள் மெச்சுகிற காரணத்துக்காக இல்லை. ஒரு பிள்ளை கடையில் உட்கார்ந்திருப்பதால் கலை அதன் கைக்குப் போய்விடுவதில்லை. உளி பிடிக்கும் பழக்கம் பட்டறையில் வருவது; பல வருடம் எடுப்பது. கண்காட்சியில் கற்க முடிவது இன்னொன்று. தன் வீட்டு உழைப்புக்குத் தானே விலை சொல்வது. எங்கள் வட்டாரத்துத் தச்சுக் குடும்பங்களில் மிகவும் குறைவாக இருக்கும் திறமை இதுதான். வேலை தெரிந்தவர் விலை பேசக் கூசுவார். வியாபாரி வந்து ஒரு தொகை சொல்வார், ஒரு முறை இழுபறி நடக்கும், சிலை வண்டியேறிவிடும். அது நகரத்துக் கடையில் என்ன விலைக்குப் போனது என்று செய்தவருக்குத் தெரிய வழியில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை அடிப் பிள்ளையார், மூன்று நாள் வேலை. நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்தால் 2,700. மரத்துக்கு 500, உப்புத்தாள், வார்னிஷுக்கு 150. ஆக அசல் 3,350 ரூபாய். கடையில் 3,500 என்று சொன்னதும் வாங்க வந்தவர் 2,000-க்குக் கேட்கிறார். போணி ஆகட்டும் என்று பெரியவர் இறங்கப் பார்க்கிறார். "மாமா, 2,000-க்குக் குடுத்தா மரக்காசும் வார்னிஷ் காசும் போக நமக்கு ஒரு நாளைக்கு 450 ரூபாதான் மாமா நிக்கும்" என்று அக்கா மகள் காதோடு சொன்னால், அந்த இடத்தில் ஒரு படிப்பு நடந்துவிடுகிறது. பாதிக் கூலிக்கு வேலை செய்வதா என்ற கேள்வியை அவள் எழுப்புகிறாள். இதோடு இரண்டு நாள் பட்டறையை மூடியதில் போன 1,800 ரூபாய், லாரி ஆபீஸ் வாடகை, தங்கும் செலவு எல்லாம் சேர வேண்டும். சனி, ஞாயிறு விற்ற மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துபோகும் குடும்பங்கள் இந்தச் செலவை எழுதுவதே இல்லை. பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதினால் எந்தக் கண்காட்சிக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்பது இரண்டு மூன்று தடவையிலேயே தெரிந்துவிடும்.

பொருளைப் பற்றிப் பேசப் பழகுவதும் சிறிய பலன் இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் பெற்றது. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். கணினியில் இயங்கும் செதுக்கு இயந்திரம் அதே பிள்ளையாரைச் செய்து தள்ளுவதை அது தடுக்காது. வித்தியாசத்தைக் கடையில் நிற்பவர்தான் காட்ட வேண்டும். இயந்திர வேலையில் பள்ளங்களில் ஒரே அகலத்தில் இணைகோடுகள் ஓடும். கண்ணிமை, விரல் இடுக்கு போன்ற கூரிய மூலைகள் மழுங்கியிருக்கும். கைவேலையில் உளி போன திசை இடத்துக்கு இடம் மாறும். சிலையைத் திருப்பி அதன் பின்பக்கத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளக்கினால், கேட்கிறவர் பேரம் பேசும் தொனியே மாறுகிறது. விளக்கத் தெரிய வேண்டுமானால் அந்தப் பிள்ளை முதலில் பட்டறையில் அதைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். இது நல்ல வட்டம்.

இனி எனக்கு உறுத்துகிற இடங்கள்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் பையில் போட்டு எடுத்துப்போகக் கூடியதைத்தான் வாங்குகிறார்கள். ஆகவே கடைக்குக் கொண்டுபோவதும் சிறிது சிறிதாகிறது. சாவிக்கொத்து, அரையடிப் பிள்ளையார், மேசை யானை. கர்நாடகத்துச் சன்னபட்டணம் பொம்மைக்கு இது பொருந்தும். அது கடைசலில் உருண்டு அரக்குச் சாயம் ஏறும் விளையாட்டுப் பொருள், பிறவியிலேயே சிறியது. நம்முடைய வேலை அப்படிப்பட்டது இல்லை. ஆளுயரத் தெய்வ உருவம், நிலைக்கதவு என்று அளவுக் கணக்கும் பொறுமையும் கேட்கிற வேலை. நான்கைந்து வருடம் கண்காட்சிக் கடையை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, மரச்சிற்பம் என்றால் அரையடிப் பிள்ளையார்தான் என்று நினைத்துக்கொள்ளும். விற்பனை கூடும்போதே கலையின் மேல்தளம் ஆளில்லாமல் போகும் ஆபத்து இது. கடையின் ஓரத்தில் விற்பனைக்கு இல்லாத ஒரு பெரிய வேலை, அரைகுறையாகவாவது, நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளையின் கண்ணில் அது பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அடுத்தது, பிள்ளையே காட்சிப்பொருள் ஆகிவிடுவது. இரக்கப்பட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அதைக் கண்டுகொண்டு பிள்ளையை முன்னால் நிறுத்துகிற பெரியவர்களும் உண்டு. விலை சொல்லக் கற்க வேண்டிய இடத்தில் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளக் கற்றுத்தருவது பெரும் தீங்கு. சட்டம் இங்கே ஓரளவுதான் உதவுகிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்துவதைத் தடுத்தது. அதே கையோடு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று வழியும் விட்டது. குடும்பம் என்றால் யார் யார் என்று அது சொல்லும் பட்டியலில் பெற்றோர், உடன்பிறந்தோரோடு தாய்மாமன், அத்தை, சித்தப்பா, சித்தி வருகிறார்கள். தாத்தா பாட்டி இல்லை! பேரனை அழைத்துவரும் தாத்தாவை யாரும் கேட்கப்போவதில்லைதான். ஆனால் 'உதவி' என்ற சொல்லுக்குள் இரண்டு முழு நாள் நிற்பது, இரவுப் பேருந்தில் திரும்பி, திங்கள் காலை வகுப்பில் தூங்கி விழுவது எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஞாயிறு மதியத்தோடு பிள்ளையை ஊருக்கு அனுப்ப முடியாத கண்காட்சிக்குப் பள்ளி நாட்களில் அழைத்துப்போகவே கூடாது. விடுமுறையில் போகட்டும். அதன் கையில் விற்ற தொகையில் ஒரு பங்கும் வரட்டும். பங்கு கேட்டால் பாசம் குறைந்துவிடும் என்பது கூலி கொடுக்காதவர்கள் எப்போதும் சொல்லிவந்தது.

இவற்றைவிட ஆழமான சிக்கல், பிள்ளை யாருடைய பிள்ளை என்பதில் இருக்கிறது. 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த வாதம் ஓயவில்லை. கைவினைஞர்களுக்குத் தொழில் கடன் தரும் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது குறைந்தபட்ச வயது பதினெட்டு. தமிழ்நாடு அரசு, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும் வயதை 35 ஆக்கவும் கேட்டது. 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க முடியாது என்று எழுதிவிட்டு, குறைந்தபட்ச வயதை 35 ஆக வைத்த கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பதினெட்டு வயதில் கல்லூரி வாசலில் நிற்கிறவனைத் தொழில் கடன் பட்டறைக்குத் திருப்பிவிடக் கூடாது என்ற அந்தக் கவலை நியாயமானது. எனக்கு அதில் உடன்பாடு.

ஆனாலும் கண்காட்சிக் கடையைக் குலக்கல்வி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குலக்கல்வி பள்ளி நேரத்தைப் பிடுங்கியது; தேர்ந்தெடுக்கும் உரிமையை மறுத்தது. நன்றாக நடத்தப்படும் கடை பிள்ளைக்குக் கணக்கையும் பேச்சையும் தருகிறது. அவற்றை எடுத்துக்கொண்டு அது வங்கி வேலைக்கும் போகலாம், மருத்துவமும் படிக்கலாம். தவறு தொடங்குவது 'நீதான் அடுத்த வாரிசு' என்று வருகிறவர் எல்லாம் தலையைத் தடவிச் சொல்லும்போது. அதுவும் ஆண் பிள்ளைகளிடம்தான் சொல்கிறார்கள். பெண் பிள்ளை கடையில் பில் போடலாம், க்யூஆர் அட்டையை நீட்டலாம். ஊருக்குத் திரும்பியதும் கொட்டாப்புளி அண்ணன் கைக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் செதுக்கும் வேலை இன்னும் பெரும்பாலும் ஆண்களிடம்தான் இருக்கிறது.

சாதி வேலியும் அப்படியே. கல்வராயன் மலை எங்கள் ஊருக்குப் பின்னால்தான் இருக்கிறது. மரத்தையும் அதன் குணத்தையும் பார்த்து வளர்கிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் செதுக்கும் ஆசை வந்தால் எந்தப் பட்டறை கூப்பிட்டு உட்கார வைக்கும்? மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியில் சேர யாருக்கும் சாதித் தடை கிடையாது. அந்த வாசலுக்குப் போகும் முன், பள்ளி வயதில் தொட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும். கோடை விடுமுறைக் கண்காட்சிகளில் கைவினைஞரோடு இரண்டு பிள்ளைகள் வரலாம், அதில் ஒன்று அவர் உறவாக இருக்கக் கூடாது என்று நடத்துகிறவர்கள் ஒரு விதி வைத்தால் போதும். இருவருக்கும் பயணச் செலவையும் நாள் படியையும் கடை வாடகையில் கழித்துக்கொடுக்கட்டும். பூம்புகார் போன்ற அரசு அமைப்பு தன் கண்காட்சிகளில் இதை அடுத்த கோடையிலேயே செய்து பார்க்கலாம்.