கல்லைப் பார்த்து ஏறும் குன்றுகள்

ஜெர்மனியின் பான் நகரத்தில் ரைன் நதிக்கரையில் நின்று தென்கிழக்கே பார்த்தால், அக்கரையில் ஒரு குன்றுக் கூட்டம் தெரியும். அடர்ந்த காடு போர்த்தியது. சீபன்கெபிர்கெ என்று பெயர். ஏழு மலைகள் என்று பொருள். எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கும் மேல் வரும். காட்டோடை பாயும் குறுகிய பள்ளத்தைக் குறிக்கும் ‘சீஃபன்’ என்ற வட்டாரச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பாரும் உண்டு. அங்கே நடந்து பழகியவனுக்கு இந்த விளக்கம்தான் மனத்துக்குப் பொருந்தும். ஒரு குன்றிலிருந்து அடுத்ததற்குப் போக, ஒவ்வொரு முறையும் ஈரம் கசியும் ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

உயரத்தை நம்பிப் போகிறவருக்கு இங்கே அதிகம் இல்லை. எல்லாவற்றிலும் உயரமான கிரோசர் ஓல்பெர்க்கே 460 மீட்டர்தான். காலை உணவு முடித்துக் கிளம்பினால் மதியத்துக்குள் இரண்டு மூன்று உச்சிகளைத் தொட்டுவிடலாம். நானும் முதல் பயணத்தில் அப்படித்தான் நடந்தேன். ஒரே நாளில் நான்கு உச்சிகள். இரவு படுத்தபடி நினைத்துப் பார்த்தால் நான்கும் ஒன்றாகவே கலந்து கிடந்தன: பீச் மரங்கள், சேறு, ஒரு மர பெஞ்சு, கீழே ரைன். அடுத்த முறை வேகத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு குன்றிலும் கால் படுகிற கல் எது என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். அன்று முதல் எந்தக் குன்றும் இன்னொன்றைப் போல இருந்ததில்லை.

இவை எரிமலைக் குன்றுகள். ஆனால் உச்சியில் வாய் திறந்த பள்ளத்தைத் தேடினால் கிடைக்காது. சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரும் வெடிப்புகள் நடந்தன. வந்து விழுந்த சாம்பல் தடித்த படுகையாக நிலத்தை மூடியது. அதற்குப் பிறகு கீழிருந்து ஏறிவந்த பாறைக்குழம்பில் பெரும்பகுதி அந்தச் சாம்பலைத் தாண்டி வெளியே வராமல், அதற்குள்ளேயே புடைத்து, மெல்ல ஆறி இறுகிவிட்டது. மழையும் ஓடைகளும் இளகிய சாம்பலைக் கரைத்துக்கொண்டு போக, உள்ளே இறுகியிருந்த கல் கட்டிகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. நாம் ஏறி நிற்பது எரிமலையின் வயிற்றுக்குள் இருந்த கல்லின் மேல். பாறைக்குழம்பு வந்த காலத்தையும் அதன் பக்குவத்தையும் பொறுத்துக் கல் மாறியது: ஒரு குன்றில் டிராக்கைட், அடுத்ததில் லாட்டைட், இன்னொன்றில் பசால்ட்.

டிராக்கைட்டைப் பார்க்க டிராக்கன்ஃபெல்ஸுக்குத்தான் போக வேண்டும். 321 மீட்டர், ரைனை ஒட்டிச் செங்குத்தாக நிற்பது. நாகத்தின் பாறை என்று பெயர். வீரன் சீக்ஃப்ரீட் பறவைநாகத்தைக் கொன்றது இங்கேதான் என்று கதை. 1816-இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் வந்துபோய்ப் பாடிய பிறகு ஆங்கிலேயப் பயணிகள் குவிந்தார்கள். 1883 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது. இன்றும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வருகிறவர்கள் இடிந்த கோட்டைச் சுவரின் முன் படம் எடுத்துக்கொண்டு, ரைனைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் சாய்ந்து நின்ற அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

வெளிறிய சாம்பல் நிறக் கல். அதற்குள் தேங்காய்ப் பல்லை அள்ளித் தூவியது போல வெள்ளைத் துண்டுகள். சானிடின் என்ற படிகம் அது. சில நகத்தளவு, சில விரல் நீளத்தை நெருங்கும். கட்டைவிரலால் தடவினால் சுற்றியுள்ள கல் தேய்ந்து பள்ளமாகியிருப்பதும் படிகம் மேடாக நிற்பதும் தெரியும். மாலை வெயில் சாய்வாக விழும்போது தலையைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், படிகத்தின் தட்டையான முகம் கண்ணாடிச் சில்லு போல ஒரு கணம் மின்னி அணையும். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் பல படிகங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடப்பதும் புலப்படும். வாய்க்காலில் விழுந்த சருகுகள் நீரின் போக்குக்குத் திரும்பிக்கொள்வது போல, குழம்பு நகர்ந்த திசைக்கு இவை திரும்பி, அப்படியே உறைந்துவிட்டன. ஹான்ஸ் குளோஸ், எர்ன்ஸ்ட் குளோஸ் என்ற புவியியல் சகோதரர்கள் இந்தச் சாய்வுகளை மலை முழுதும் அளந்து, குழம்பு உள்ளே எப்படிக் குமிழ் போல உப்பியது என்பதை 1927-இல் வரைந்து காட்டினார்கள். கரைந்துபோன மலையின் வடிவத்தைப் படிகங்களிடம் கேட்டு வாங்கிய வேலை அது. எனக்கு நாகத்தின் கதையைவிட இந்தக் கதைதான் பெரிது.

இந்தக் கல்லை ரோமானியர்கள் வெட்டினார்கள். 1248-இல் தொடங்கிய கொலோன் பேராலயத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. வெட்டி உருட்டினால் ஆறு, ஆற்றில் படகு. கண்ணுக்கு அழகான அந்தப் படிகமே கட்டடத்துக்குப் பகையானது. படிகம் ஒரு விதமாகவும் சுற்றியுள்ள கல் வேறு விதமாகவும் தேய்வதால், பேராலயத்தின் பழைய சுவர்களில் கல் பொரிந்து உதிர்கிறது. வெட்டி வெட்டி உச்சியே சரிந்துவிடும் என்ற நிலை வந்தபோது, பிரஷ்ய அரசு 1836-இல் டிராக்கன்ஃபெல்ஸின் உச்சியை விலைக்கு வாங்கிக் குவாரியை நிறுத்தியது. ஜெர்மனியில் இயற்கையைக் காக்க அரசு எடுத்த மிகப் பழைய நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. பக்கத்துக் குன்றான வோல்க்கன்பூர்க்குக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. அதன் மேல் இருந்த கோட்டை, கோட்டையைத் தாங்கிய உச்சி இரண்டையும் குவாரி தின்றுவிட்டது. டிராக்கன்ஃபெல்ஸிலிருந்து பார்த்தால் தலை சீவப்பட்டுத் தட்டையாக நிற்கும்.

இங்கே எனக்குள் ஒரு முரண் உண்டு. குவாரியை வெறுக்கிறேன், ஆனால் இந்தக் குன்றுகளின் உட்புறத்தைக் காட்டியதும் குவாரிதான். ஸ்டென்சல்பெர்க் என்ற குன்றில் ஹைஸ்டர்பாக் மடத்துத் துறவிகள் கல் எடுத்தார்கள். 1202 முதல் 1237 வரை அதைக் கொண்டு பெரிய கோயில் எழுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலையும் இடித்துக் கல்லை விற்றார்கள். பலிபீடப் பகுதி மட்டும் ஒற்றையாய் நிற்கிறது. ஸ்டென்சல்பெர்க்கில் கல் எடுத்த இடத்தில் இன்று பிர்ச் மரங்கள். அவற்றுக்கு நடுவே தனித் தூண்களாகச் சில பாறைகள் நிற்கும். ‘உம்லாய்ஃபர்’ என்று கல் வெட்டுகிறவர்கள் பெயர் வைத்தார்கள், சுற்றிப்போக வேண்டியது என்ற பொருளில். வெங்காயத்தைப் போலப் படலம் படலமாகச் சுருண்டு இறுகிய அந்தக் கல் உளிக்கு ஒத்துவராததால், அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டியிருக்கிறார்கள். உளி தோற்ற இடம் என்று அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது வைல்பெர்க். 300 மீட்டர்கூட இல்லாத குன்று. உச்சியில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பக்கவாட்டில் கைவிடப்பட்ட பசால்ட் குவாரி, பழத்தை நறுக்கியது போல மலையைத் திறந்து வைத்திருக்கிறது. கரும் பசால்ட் தூண்கள் நெருக்கி அடுக்கியது போல, சில நிமிர்ந்தும் சில சாய்ந்தும். குழம்பு ஆறிச் சுருங்கும்போது விழுந்த வெடிப்புகளே தூண்களைப் பிரித்தன. ஆறும் முகத்துக்குச் செங்குத்தாக வெடிப்பு ஓடும் என்பதால், தூண்களின் சாய்வைப் பார்த்தே எந்தப் பக்கம் முதலில் ஆறியது என்று சொல்லிவிடலாம். தூண்களுக்கு மேலே வெளிறிய சாம்பல் படுகை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சாம்பல், சூளையில் வெந்த மண் போல நிறம் மாறியிருக்கும். மேலே எழுதிய அத்தனையையும், சாம்பல் மூடியது, குழம்பு புகுந்தது, சுட்டது, ஆறியது எல்லாவற்றையும் ஒரே சுவரில் பார்க்கலாம். மழை பெய்த ஒரு காலையில் அங்கே தனியாக நின்றிருந்தேன். ஈரச் சருகின் மேல் மஞ்சள் திட்டுகள் கொண்ட கரிய சாலமாண்டர் ஒன்று, அவசரமே இல்லாமல் காலை எடுத்து வைத்துப் போனது. அது கடந்து முடிக்கும்வரை நான் நகரவில்லை.

மற்றக் குன்றுகளையும் சொல்லிவிடுகிறேன். பீட்டர்ஸ்பெர்க்கில் பெரிய ஹோட்டல். 1949-இல் மேற்கு ஜெர்மனியும் நேச நாடுகளும் செய்த ஒப்பந்தம் அந்தக் குன்றின் பெயரால் அழைக்கப்படுகிறது. லோவன்பூர்க்கில் கோட்டை இடிபாடும் நல்ல நிழலும் உண்டு. பசால்ட் உச்சி கொண்ட ஓல்பெர்க்கில் ஏறினால், வானம் தெளிந்த நாளில் வடக்கே கொலோன் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் ஊசி முனைகளாகத் தெரியும். டிராக்கன்ஃபெல்ஸின் கல் போய்ச் சேர்ந்த இடம் அது என்று தெரிந்து பார்ப்பவருக்கு அந்தக் காட்சி இன்னும் ஆழம் கொள்ளும்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பீச் மரங்கள் துளிர்க்கும் முன், மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ போங்கள். இலை வந்துவிட்டால் பாறை மறைந்துவிடும். ஒரு கைலென்ஸ் எடுத்துச் செல்லுங்கள், சுத்தியல் வேண்டாம். முழுதும் பாதுகாக்கப்பட்ட காடு, பாதையை விட்டு விலகவும் கூடாது. முதல் நாளை வைல்பெர்க்குக்குக் கொடுங்கள். டிராக்கன்ஃபெல்ஸுக்கு மறுநாள், மாலை வெயில் சாயும் நேரத்தில் போனால் போதும்.