கேதுருவும் தேவதாருவும்: தமிழ் விவிலிய மரப்பெயர்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மொழிபெயர்ப்பில் மரப்பெயர் சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அது பிழைபடின் மூலநூல் காட்டும் நிலமே மாறிவிடும். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் வழங்கும் கேதுரு, தேவதாரு என்னும் இரு பெயர்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தாவரவியல் அடையாளம்

தாவரவியலார் உண்மையான கேதுரு எனக் கொள்வது சீட்ரஸ் பேரினத்தை மட்டுமே. ஊசியிலைகள் குறுங்கிளைகளில் கொத்தாக அமைவதும், கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து நின்று மரத்திலேயே செதில் செதிலாக உதிர்வதும் இதன் பொது இயல்புகள். இமய வகையின் கிளைநுனிகள் தாழ்ந்து தொங்கும். ஊசிகள் 5 செ.மீ. அளவுக்கும் நீளும். லெபனான் வகையின் முதிர்ந்த மரம் கிளைகளைத் தட்டுத்தட்டாகக் கிடையாகப் பரப்பும். மொராக்கோ, அல்ஜீரிய மலைகளின் அட்லஸ் வகையில் கிளைகள் மேனோக்கிச் செல்லும். சைப்பிரசு வகையின் ஊசிகள் மிகக் குறியன. வயதாலும் வளரிடத்தாலும் மரத்தின் வடிவம் மாறுதலின், கிளையமைப்பு ஒன்றையே கொண்டு முடிவு காணலாகாது.

பெயர் மட்டும் கேதுருவாக வழங்கும் மரங்களும் உள. பென்சிலுக்குப் பயன்பட்ட வட அமெரிக்கச் செங்கேதுரு ஜூனிப்பர் பேரினத்தைச் சார்ந்தது. ஆஸ்திரேலியச் செங்கேதுருவோ நம் சந்தன வேம்பே. அது வேம்பின் குடும்பத்தது.

பெயர்த் தேர்வும் அதன் விளைவும்

எபிரேய மூலத்தின் 'ஏரெஸ்' லெபனான் கேதுருவைக் குறிக்கும். அதனைக் கேதுரு என ஒலிபெயர்த்தமை ஏற்கத்தக்கது. அயல்நிலத்து மரம் அயற்பெயரோடே நிற்கிறது. சிக்கல் 'பெரோஷ்' என்னும் சொல்லில் எழுகிறது. இதனைச் சைப்பிரஸ் அல்லது ஜூனிப்பர் என ஆய்வாளர் அடையாளம் காண்பர். தமிழ் மொழிபெயர்ப்போ ஏசாயா 55:13 முதலிய இடங்களில் இதற்குத் 'தேவதாரு' எனப் பெயரிடுகிறது. 'தெய்வ மரம்' எனப் பொருள்படும் இவ்வடசொல் இமயக் கேதுருவின் பெயராகும். ஆகவே, லெபனான் கேதுருவுக்கு நெருங்கிய உறவுடைய மரத்தின் பெயர், கேதுரு அல்லாத மரத்தின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. இரண்டும் ஒருங்கே வரும் இடங்களில் உறவு மறைந்து வேற்றுமையே எஞ்சுகிறது.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூறல் முறையன்று. தென்னாட்டு வறண்ட காடுகளில் வளரும் செம்புளிச்சானும் தேவதாரு என வழங்கப்படுகிறது. அது கோக்காச் செடியின் பேரினத்தைச் சார்ந்த அகன்ற இலைத் தாவரம். வங்கத்திலோ நெட்டிலிங்கத்திற்கே இப்பெயர். மருந்துச் சரக்காகத் தேவதாருவைக் குறிக்கும் பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர்க்கு இம்மயக்கம் வெறும் சொற்சிக்கலன்று. எம்மரத்தின் கட்டை மருந்தாகிறது என்பதே இங்கு வினா.

முடிவுரை

'தேவதாரு' என்பதற்கு 'ஒருவகை மரம்' எனக் குறிப்பெழுதி அமைதல் போதாது. பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இமயத் தேவதாரு, லெபனான் கேதுரு என நிலஅடை கொடுத்து, இலையமைப்பையும் பேரினத்தையும் உடன் சுட்டுதல் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பின் சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. அச்சொல் எம்மரத்தைக் குறித்து நிற்கிறது என்பதை அடிக்குறிப்பு தெளிவுறுத்தினால் போதும்.