தான்தோன்றாத இசை

ஒட்டைச் சுட்ட வயலில் இலிங்கம் தானாகவே வெளிப்பட்டது என்பது ஒட்டுசுட்டான் என்னும் ஊர்ப்பெயரோடு வழங்கிவரும் கதை. அங்குள்ள தான்தோன்றீசுவரர் ஆலயம் அந்நம்பிக்கையின் நிலைக்களன். இறைவன் தான்தோன்றியாகலாம்; இசை அவ்வாறு தோன்றுவதில்லை. வீடியோ விளையாட்டுகளின் கோப்புகளிலிருந்து இசையைப் பிரித்தெடுத்துத் தம் ஆக்கங்களிற் கையாளுவோர் இவ்வுண்மையையே மறந்துவிடுகின்றனர்.

விளையாட்டை விலைகொடுத்து வாங்கியவருக்கு அதன் இசையும் உரியது என்பது அவர்தம் வாதம். விளையாடும் உரிமை வேறு, படியெடுத்துப் பரப்பும் உரிமை வேறு. 2005இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன் 4’ என்னும் விளையாட்டுக்குக் கிறிஸ்டோபர் டின் அமைத்த ‘பாபா யேட்டு’ என்ற பாடல் 2011இல் கிராமி விருது பெற்றது. விளையாட்டிசையொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இத்தகைய ஆக்கங்களை உரியவரற்ற பின்னணி ஓசையெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இசையமைப்புக்கு ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும், ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுகளும் பாதுகாப்பளிக்கின்றது. எனவே பதிவைப் பிரித்தெடுப்பவர் இரு உரிமைகளைத் தீண்டுகின்றார். அதே மெட்டைத் தாமே வாசித்துப் பதிவுசெய்தாலும் அமைப்புரிமை எஞ்சிநிற்கும். நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டம் இடந்தருவது உண்மையே. ஆயின் பயன்பாட்டின் நோக்கம், மூலத்தின் இயல்பு, எடுத்த அளவு, சந்தையில் நேரும் விளைவு ஆகியவற்றை அது ஒருங்கே நோக்குகின்றது. சில விநாடிகள் எடுத்தாற் குற்றமில்லை என்ற விதி அதில் யாண்டும் இல்லை.

எனினும் அச்சட்டமும் குறையற்றதன்று. வன்னி வயல்களில் ஒலித்த அருவிவெட்டுப் பாடல்களுக்கு ஆக்கியோன் பெயர் இல்லை. நாட்டார் வெளிப்பாடுகளை வணிகத்துக்காகவோ மரபான சூழலுக்குப் புறம்பாகவோ பயன்படுத்துவதை அதன் 24ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. ஆனால் அனுமதி வழங்கும் உரிமை அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்தைச் சாரும். பெறும் கட்டணமும் பொதுவான பண்பாட்டு வளர்ச்சிக்கே செல்லும். நாளை ஒட்டுசுட்டான் வயற்பாடல் ஒன்று அந்நிய விளையாட்டொன்றில் ஒலிக்குமாயின், அதனைப் பேணிவந்த ஊரவரைக் கேட்கவேண்டிய கட்டாயம் இராது.

இக்குறையைச் சுட்டிக்காட்டும் தகுதி யாருக்கு உண்டு? பிறர் இசையைக் கேளாது எடுப்பவர், தம் ஊரின் இசை கேளாது எடுக்கப்படும்போது எந்நியாயத்தைக் கொண்டு வாதிடுவார்? அனுமதி கேட்டல் வெறும் சட்டச் சடங்கன்று. ஓசைக்குப் பின்னால் உழைத்த மனிதர் உண்டென ஏற்கும் பண்பு அது.