கறுப்புப் பாட்டு, வெள்ளைக் கன்ட்ரோல் ரூம்

1948 அக்டோபர் 25, சாயங்காலம் நாலு மணி. அமெரிக்காவின் தெற்கே மெம்பிஸ் நகரம். டபிள்யு.டி.ஐ.ஏ. என்கிற சின்ன ரேடியோ நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்த கறுப்பின வாத்தியார் நாட் டி. வில்லியம்ஸுக்குப் பேச்சே வரவில்லை. யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோச்சு. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பின்னாளில் அந்தச் சிரிப்புதான் அவர் நிகழ்ச்சிக்கு அடையாளமானது. நிலையத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது.

கறுப்பர் பாட்டு அதுவரை ரேடியோவில் வராமலா இருந்தது? ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஹெலெனா ஊர் நிலையத்தில் 1941லிருந்தே கறுப்பர்கள் ப்ளூஸ் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அறிவிப்புச் செய்தவர் வெள்ளையர். ஆக, பாடுவதில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. தன் வாயால் தன் சனத்தைப் பார்த்துப் பேசுவதுதான் பொறுக்கவில்லை.

இந்த நிலையத்தின் கதையை ‘இசை நிறவெறியை வென்ற கதை’ என்று சிலாகித்து எழுதுகிறவர்கள் உண்டு. பாட்டுக்கு ஏதுங்க சாதி என்று நம்ம ஊரில் கேட்கிற அதே வாய்தான் அது. நடந்ததைப் பார்ப்போம். 1947 ஜூனில் பெர்ட் ஃபெர்குசன், ஜான் பெப்பர் என்ற இரண்டு வெள்ளையர்கள் ஆரம்பித்த நிலையம். 250 வாட். பொழுது சாய்ந்தால் மூடிவிட வேண்டும். மற்ற நிலையங்கள் போட்ட கன்ட்ரி பாட்டையும் மெல்லிசையையும்தான் இவர்களும் போட்டார்கள். கேட்க ஆளில்லை, கையைக் கடித்தது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பர்கள். அவர்களும் மாவு வாங்குகிறார்கள், சோப்பு வாங்குகிறார்கள் என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. 1949இல் நிகழ்ச்சிகள் முழுக்க கறுப்பர்களுக்கானதாக மாறின. கல்லா காலியாக இருந்ததால் திறந்த கதவு அது. அதே 1949இல் பில்போர்ட் பத்திரிகை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்ற பட்டியலின் பெயரை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது. பெயர்தான் மாறியது, தனிப்பட்டியல் தனிப்பட்டியலாகவே இருந்தது.

அப்படின்னா எல்லாம் வெறும் சந்தைதானே, இதில் கொண்டாட என்ன இருக்கு என்று கேட்கிற தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. சந்தை திறந்த சந்துக்குள் நுழைந்த மனிதர்கள் யார், நுழைந்து என்ன செய்தார்கள் என்று பார்க்காத விமர்சனம் ஆதிக்கத்தின் வரலாற்றை மட்டுமே எழுதும். நாட் டி. பகலில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர், பத்திரிகையில் பத்தி எழுதியவர். மணியடித்த பிறகுதான் ரேடியோவுக்கு வருவார். ரூஃபஸ் தாமஸ் துணி ஆலையில் வேலை முடித்துவிட்டு வந்து நிகழ்ச்சி நடத்தினார். மிசிசிப்பி பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய பி.பி. கிங் ஒரு டானிக் விளம்பரத்துக்குப் பாடத்தான் முதலில் இங்கே வந்தார். பின்னால் உலகமே சொன்ன அந்த இரண்டெழுத்துப் பட்டப்பெயர் இங்கே ஒட்டிக்கொண்டதுதான். பாட்டுக்கு நடுவே காணாமல்போன ஆள், தொலைந்த பொருள் பற்றிய அறிவிப்புகள். நிலையம் நடத்திய கச்சேரி வசூலிலிருந்து ஊனமுற்ற கறுப்புக் குழந்தைகள் பள்ளிக்குப் போக பஸ் விட்டார்கள். நகரசபை செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொன்று. தேவாலயம் போகிற கறுப்பு நடுத்தர வர்க்கத்துக்கு ப்ளூஸ் என்றால் ஆகாது, பிசாசின் பாட்டு என்பார்கள். இந்த நிலையமோ காஸ்பலையும் ப்ளூஸையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டது. பறைச்சத்தம் கேட்டதும் முகம் சுளித்து ஜன்னலைச் சாத்துகிற படித்த பிள்ளைகள் நம்ம தெருவிலும் உண்டு. வெளியிலிருந்து வந்த இழிவை நாமே உள்ளே வாங்கி வைத்துக்கொள்வதை இந்த ஒலிபரப்பு கொஞ்சமாவது அசைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1954இல் 50,000 வாட்டானது. டெல்டா பருத்திக் காடுகளெங்கும் கேட்டது. பண்ணையார் முன்னால் வாய் திறக்க முடியாதவர்களின் வீட்டுக்குள் தங்கள் ஆளின் குரல். அதே 1954இல் அதே மெம்பிஸில் எல்விஸ் பிரெஸ்லி என்ற வெள்ளைப் பையனின் முதல் இசைத்தட்டு வந்தது. அந்தப் பாட்டை எழுதிய ஆர்தர் க்ரடப் கறுப்பர். அவருக்குச் சேர வேண்டிய பணம் கடைசிவரை ஒழுங்காகச் சேரவில்லை.

சரி, ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யார்? அங்கே கறுப்பர் கிடையாது. தட்டைச் சுழல விடுவதும் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் வெள்ளையர் கையில். நிர்வாகம், விளம்பர வியாபாரம் எல்லாம் அப்படித்தான். எந்த நொடியிலும் மைக்கை அணைக்கிற விசையை அவர்கள் வைத்திருந்தார்கள். 1957இல் நிலையம் கைமாறியது, இன்னொரு வெள்ளை முதலாளிக்கு. நாட் டி.யைக் கேட்டா விற்றார்கள்?

பிறகு சோல் இசை வந்தது. எழுபதுகளில் எஃப்.எம். வந்ததும் இளசுகள் அந்தப்பக்கம் போனார்கள். இன்றைக்கு இந்த நிலையம் ஐஹார்ட் மீடியா என்ற பெரும் கம்பெனியின் கையில் இருக்கிறது. போடுவது ‘கிளாசிக் சோல்’, அதாவது பழைய பாட்டு. ஒருகாலத்தில் அன்றன்றைய பாடுகளைச் சொன்ன இசை இப்போது ஏக்கமாக விற்கிறது.

நம்மிலும் சிலர் வானொலியில் அரைமணி, விழாவில் ஒரு மேடை கிடைத்தாலே ‘பறையை மீட்டுட்டோம்’ என்கிறார்கள். நேரத்தை ஒதுக்குகிறவர் யார், எப்போது நிறுத்தணும் என்று கைகாட்டுகிறவர் யார் என்று கேட்டால் ‘எதிலும் குறை காணாதீங்க’ என்கிறார்கள்.

இந்த நிலையத்தைப் பற்றிய விரிவான புத்தகம் 1992இல் வந்தது. ‘வீலின் ஆன் பீல்’ என்று பெயர். மரியாதையோடு, நிறைய விவரங்களோடு எழுதப்பட்ட நல்ல புத்தகம்தான். எழுதிய லூயிஸ் கேன்டர், இளவயதில் அங்கே கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்த வெள்ளையர்.