அழுவது பேய், ஓடுவது அவள்

ஒப்பாரியில் உயிரோடு இருப்பவர் அழுவார், செத்தவர் பேசாமல் கிடப்பார். ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு 1998இல் வெளியிட்ட 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' ஆல்பத்தில் முறை தலைகீழ். செத்தவன் அலறுகிறான், கேட்க வேண்டியவளுக்குக் கேட்பதில்லை. கதை சிறியது. ஒருவன் சாகிறான், பேயாகிறான், பருவங்கள் மாற மாறத் தன் காதலியைச் சுற்றியே அலைகிறான். அவளுடைய துக்கத்தை அவனால் நம்ப முடியவில்லை. 'என் கைகளே உனக்குப் பாடை' என்பதுபோன்ற அந்தத் தலைப்பை, கோமஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 1971 ஆல்பத்திலுள்ள ஒரு பாடலிலிருந்து எடுத்தார்கள்.

இந்தப் பேய்க்கதையைக் காகிதத்தில் படித்தால் யாரும் அசரமாட்டார்கள். வாசித்த விதத்தில்தான் அது துக்கமாகிறது. அதனால் ஆட்டத்தைப் பார்ப்போம்.

கோதன்பர்க் நகரின் ஃபிரெட்மேன் ஸ்டூடியோவுக்குள் 1997இல் நுழைந்தது பாதி கலைந்த அணி. முந்தைய 'மார்னிங்ரைஸ்' (1996) ஆல்பத்தின் டிரம்மரும் பேஸ் கலைஞரும் இப்போது இல்லை. டிரம்ஸுக்கு மார்ட்டின் லோபஸ் புதிதாக வந்திருந்தார். பேஸுக்கு வந்த மார்ட்டின் மெண்டெஸுக்குப் பாடல்களைப் பழக நேரம் போதவில்லை. பாடகர், கிட்டார் கலைஞர், பாடலாசிரியர் என்று மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்த மிகேல் ஓக்கர்ஃபெல்ட் பேஸையும் தானே வாசித்து முடித்தார். கீப்பர் வராத நாளில் கேப்டனே கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற கதை.

நஷ்டம் காதுக்குத் தெரிகிறது. 'மார்னிங்ரைஸ்' ஆல்பத்தில் பேஸ் தன் போக்கில் அலைந்து தனிக்குரலாகவே பேசும். இங்கே அது கிட்டாருக்குக் கீழே அடங்கிக் கிடக்கிறது. ஆனால் அந்த நஷ்டம் ஆல்பத்துக்கு நல்லதே செய்தது என்பேன். பழைய ஓபெத்தில் ஓக்கர்ஃபெல்டும் பீட்டர் லிண்ட்கிரெனும் இரண்டு கிட்டார்களில் இரண்டு மெட்டுகளைப் பின்னிக்கொண்டே போவார்கள். அழகாக இருக்கும், எங்கே போகிறது என்று மட்டும் தெரியாது. இங்கே இருவரும் சேர்ந்து ஒரே சுவரை எழுப்புகிறார்கள். 'மார்னிங்ரைஸில்' ஒரு பாடல் மட்டும் 20 நிமிடம் ஓடும். இதில் ஒன்பது தடங்கள், மிக நீளமானதே ஒன்பது நிமிடத்தைச் சற்றுத்தான் தாண்டுகிறது. லோபஸும் வேகத்தைக் காட்டுவதற்காக வேகமாக அடிப்பவர் அல்ல. கிட்டார் மூச்சு வாங்கும் இடத்தில் கையைக் கட்டத் தெரிந்தவர்.

இனி குரல். டெத் மெட்டல் என்றதும் நம்மில் பலர் அந்த அடித்தொண்டை உறுமலோடு கதவைச் சாத்திவிடுகிறோம். ஓக்கர்ஃபெல்டுக்கு உறுமலும் உண்டு, சுத்தமான பாட்டுக்குரலும் உண்டு. இரண்டையும் வைத்திருக்கும் பாடகர்கள் ஏராளம். பெரும்பாலோர் சரணத்துக்கு உறுமல், பல்லவிக்குப் பாட்டு என்று பங்கு பிரித்துவிடுவார்கள். இவர் மாற்றும் இடம் வேறு. 'டீமன் ஆஃப் தி ஃபால்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடம். பேய் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, அவள் ஓடுகிறாள். பாட்டின் பெரும்பகுதி மூர்க்கம்தான். அவள் கைவிட்டுப் போன பிறகு, கடைசியில்தான் மனிதக் குரல் எழுகிறது. இவ்வளவு நேரம் அந்தக் குரலில் கூப்பிட்டிருந்தால் அவள் நின்றிருப்பாளோ என்று நமக்குத் தோன்றும்போது காலம் கடந்திருக்கும். அடுத்து வரும் 'கிரீடன்ஸ்' உறுமலே இல்லாத, மெல்லிய கிட்டார்ப் பாட்டு. இரண்டையும் பிரித்துக் கேட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

பிரிக்க முடியாதபடிதான் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாடலின் வரிகளும் முடியும் இடத்தில் அடுத்த பாடலின் பெயர் வந்து விழுகிறது. நம் அந்தாதியைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. துக்கம் பிடித்தவன் மனம் சுற்றும் விதமும் ஏறக்குறைய இதுதான்: ஒரு நினைவின் வாலைப் பிடித்து இன்னொன்று.

குறைகளும் உண்டு. மழைச் சத்தமும் பியானோவுமாகத் தொடங்கும் 'புரோலாக்' பேய்ப்படத்துக்குப் போதும், இந்த ஆல்பத்துக்குப் போதாது. 'தி ஆமென் கார்னர்' நடுவே சில துண்டுகள் ஒட்டுப்போட்டதுபோலத் துருத்துகின்றன. 'கார்மா'வின் சீற்றத்துக்குப் பிறகு வரும் 'எபிலாக்' அந்தக் கடனையெல்லாம் அடைத்துவிடுகிறது. சுமார் நான்கு நிமிடம், வார்த்தை கிடையாது, ஆர்கன் மேல் கிட்டார் நிதானமாக நகர்கிறது. பேய் சமாதானம் அடைந்ததா, களைத்துப்போனதா என்று ஆல்பம் சொல்லவில்லை. சொல்லாததே சரி.

மேடையில் இந்த ஆல்பத்துக்கு நடந்தது தனிக்கதை. 2006இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் பதிவான கச்சேரி இதன் 'வென்' பாடலில் தொடங்கி 'டீமன் ஆஃப் தி ஃபால்' பாடலில் முடிகிறது. இடையே ஓக்கர்ஃபெல்ட் தன் தாத்தாவின் மரணத்தை ஒட்டி எழுதிய பழைய பாடலும் உண்டு. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'டீமன்' இறுதிப் பாட்டாகும்போது அவள் ஓடியதும் கைதட்டல் வந்துவிடுகிறது, 'கிரீடன்ஸ்' வருவதில்லை. கூட்டம் கொண்டாடியது பேயின் வெற்றியை.

2010இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில், குழுவின் 20ஆம் ஆண்டுக் கச்சேரியில், முதல் பாதி முழுவதும் 'பிளாக்வாட்டர் பார்க்'. மறுபாதியில் மற்ற எட்டு ஆல்பங்களிலிருந்தும் ஆளுக்கொரு பாடல், வெளியான வரிசையில். இந்த ஆல்பத்தின் முறை வந்தபோது அவர்கள் எடுத்தது 'டீமன்' அல்ல, 'ஏப்ரல் எத்தீரியல்'. நல்ல தேர்வு. கதை தொடங்கும் இடம் என்பதால் தனியாக நின்றாலும் எதையும் இழப்பதில்லை. 1998 குழுவிலிருந்து மேடையில் மிச்சமிருந்தவர்கள் இருவரே: ஓக்கர்ஃபெல்டும் மெண்டெஸும். ஸ்டூடியோவில் நேரம் கிடைக்காத அந்த பேஸ் வரிகளை அன்று மெண்டெஸ் வாசித்தார், ஒலிப்பதிவைவிடத் தெளிவாக.