கிடங்கு வாசலோடு நின்ற கூட்டுறவு

மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாட்களில் சாபுதானா கிச்சடி செய்யாத வீடு குறைவு. அதற்கான ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து போகிறது. ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கத்துக் காடுகளில் பத்து மாதம் மண்ணுக்குள் கிடந்த மரவள்ளி எனும் குச்சிக்கிழங்குதான் அங்கே அந்தத் தட்டில் விழுகிறது. இந்தத் தொழிலை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கி நிற்பது ஒரு கூட்டுறவு அமைப்பு. அது எதைச் சாதித்தது, எதைத் தொடாமலே விட்டது என்று நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. அந்த இடைவெளியில், 1943 வாக்கில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்து பார்க்க முனைந்தார். பினாங்கில் இந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு வந்த போபட்லால் ஷா அவருக்குத் துணையானார். ஆரம்பத்தில் துணித்தூளியில் ஈரமாவைப் போட்டு ஆட்டி மணியாக்கினார்கள், வாணலியில் வறுத்தார்கள். பிறகு உள்ளூர் மெக்கானிக்குகள் அரைக்கவும் குலுக்கவும் இயந்திரங்கள் செய்து கொடுத்தார்கள். வெளிநாட்டு இயந்திரத்துக்குக் காத்திராமல் பட்டறைக்காரரும் வியாபாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்து, உடைத்து, மறுபடி செய்து உருவாக்கிய பண்டம் இது. கூடி உருவாக்குவது என்று இன்று நிர்வாக வகுப்புகளில் சொல்லித் தருவதை இந்த ஊர் வறுமையின் நெருக்கடியில் செய்து முடித்தது.

செய்யத் தெரிந்த ஊருக்கு விற்பதில்தான் சிக்கல் வந்தது. சிறு ஆலைக்காரரிடம் கிடங்கும் இல்லை, கடனும் இல்லை. அறுவடைக் காலத்தில் கிழங்கு குவியும், அரைத்தே ஆகவேண்டும், அரைத்ததை அன்றைய விலைக்கே தள்ளியாக வேண்டும். வடநாட்டு விலையை ஏஜென்ட் சொன்னால்தான் தெரியும். இதை மாற்றத்தான் 1981-ல் சேலம் ஸ்டார்ச், சேகோ உற்பத்தியாளர்கள் சேவைத் தொழிற்கூட்டுறவு சங்கம் பதிவானது. 1982 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கியது. சேகோசர்வ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஆலைக்காரர் மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் இறக்குகிறார். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். பதிவு பெற்ற வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் டெண்டர் போடுகிறார்கள். விலை பிடிக்காவிட்டால் ஆலைக்காரர் சரக்கைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். கிடங்கில் இருக்கும் சரக்கின் பேரில் முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த லோடு கிழங்கை வாங்கலாம். காத்திருக்கும் சக்தி என்பதுதான் வியாபாரத்தில் பாதி பலம். பெரிய முதலாளிகளிடம் மட்டும் இருந்த அந்தச் சக்தியைச் சங்கம் சிறு ஆலைக்காரர் கையில் கொடுத்தது. அதே 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களும் தங்கள் விலையைத் தாங்களே அறிவிக்கும் வழியைக் கண்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே காலத்தில் நடந்த இந்த இரண்டும் இந்தச் சமவெளியின் தொழில் வரலாற்றில் பெருமைக்குரியவை. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் சேகோசர்வின் முயற்சியால்தான்.

ஆனால் காத்திருக்கும் சக்தி ஆலை வாசலைத் தாண்டி வயலுக்குப் போகவில்லை. என் முதல் குறை இதுதான்.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். குறுக்கே ஒடித்தால் வெள்ளைச் சதைக்குள் நீலமும் கறுப்புமாய்க் கோடு ஓடியிருக்கும். அப்புறம் அது மாவுக்கு உதவாது. காய்ந்த ஜவ்வரிசி மாதக்கணக்கில் கிடங்கில் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தில் பேரம் முடிந்துவிடுகிறது. ஆலைக்காரர் நாளைக்கு வாங்கலாம். விவசாயி இன்றைக்கே விற்க வேண்டும். பிடுங்காமல் விட்டு வைக்கலாமே என்றால், அடுத்த பயிருக்கு நிலம் வேண்டும், தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும்.

கிழங்குக்கு விலை மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில் போடப்படுகிறது. அந்தப் பாயிண்ட் பார்ப்பது பெரும்பாலும் வாங்குகிறவர் இடத்தில், வாங்குகிறவர் கருவியில். ஊர்ப் பால் சங்கத்தில் கறக்கும் ஒரு லிட்டருக்குக்கூட கொழுப்பு அளவைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். லாரி நிறையக் கிழங்கு கொண்டுபோகிறவருக்கு அந்த மரியாதை இல்லை. மக்காச்சோள மாவைக் கலந்து ஜவ்வரிசி செய்கிறார்கள், அதனால்தான் கிழங்கு விலை விழுகிறது என்று விவசாயிகள் ஒவ்வொரு பருவத்திலும் புகார் சொல்கிறார்கள். கலெக்டர் தலைமையில் முத்தரப்புக் கூட்டம் கூடும். டீயும் வாக்குறுதியும் தருவார்கள். அடுத்த ஆண்டு அதே புகாரோடு மறுபடி கூடும். சேகோசர்வ் உற்பத்தியாளர்களின் சங்கம் என்பதால் அதில் உறுப்பினர் ஆலைக்காரர் மட்டுமே. பத்து மாதம் பயிர் வைத்தவர் உற்பத்தியாளர் கணக்கில் வரவில்லை. குஜராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவில் பால் ஊற்றுகிறவரே பால் ஆலைக்கும் சொந்தக்காரர் என்பதையும், இங்கே இப்படி இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இரண்டாவது குறை வெண்மை சார்ந்தது. மாதிரியைக் கையில் அள்ளிப் பார்க்கும் வியாபாரிக்கு முதலில் படுவது நிறம். வெளுப்பான சரக்குக்கு நல்ல விலை, மங்கலுக்குக் குறைந்த விலை. கிழங்கைத் தோல் உரிக்காமல் அரைத்தாலும், அழுக்குத் தண்ணீரில் கழுவினாலும், மாவுப் பாலைத் தொட்டியில் அதிக நேரம் தேக்கிப் புளிக்கவிட்டாலும் நிறம் மங்கும். இதற்குச் சரியான வழி தோல் உரிப்பது, நல்ல தண்ணீர், மாவைச் சீக்கிரம் பிரிக்கும் இயந்திரம். இவற்றுக்கு முதல் வேண்டும். குறுக்கு வழி ரசாயனம். பிளீச்சிங் கலந்த சரக்கை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பிடித்த செய்திகள் இந்தப் பக்கம் பலமுறை வந்துவிட்டன. பிடிபட்ட ஆலைக்காரரைத் திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். நிறத்துக்குப் பணம் கொடுக்கும் டெண்டர் முறை அந்தத் தவறைத் தூண்டிக்கொண்டே இருப்பதை யாரும் பேசுவதில்லை. தோலுரித்து, ரசாயனம் தொடாமல் செய்த இயற்கை நிறச் சரக்குக்குத் தனி லாட், தனி டெண்டர் வைத்து, அதைச் சங்கமே வடமாநிலங்களில் விளம்பரப்படுத்தினால், நேர்மையான ஆலைக்காரர் நட்டப்பட வேண்டியதில்லை. விரதத்துக்குச் சாப்பிடுகிறவர் தூய்மைக்குக் கூடுதலாக நாலு காசு கொடுப்பார்.

மூன்றாவது, தண்ணீர். கிழங்கு கழுவ, அரைக்க, மாவைப் பிரிக்க என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஏராளமாகத் தண்ணீர் செலவாகிறது. வெளியே வரும் கழிவுநீர் புளித்து, அமிலமாகி, அரை மைல் தூரத்துக்கு நாறும். வசிஷ்ட நதியும் திருமணிமுத்தாறும் இந்தக் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் சேர்த்துச் சுமந்தே வந்திருக்கின்றன. ஆற்றோரக் கிணறு கெட்டவர் பெரும்பாலும் அதே கிழங்கு விவசாயிதான்.

இதில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருப்பதைச் சொல்லியாக வேண்டும். பல ஆலைகள் கழிவுநீரை மூடிய கலத்தில் நொதிக்கவிட்டு சாண எரிவாயு போல வாயு எடுக்கின்றன. அதில் ஜவ்வரிசி வறுக்கிறார்கள், ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். விறகுச் செலவும் மின்கட்டணமும் குறைகிறது. மாவு எடுத்த பின் மிஞ்சும் திப்பி களத்தில் காய்ந்து மாட்டுத் தீவனமாகிறது. பக்கத்துக் கோழிப்பண்ணை எருவும் கிழங்குக் காட்டுக்கு உரமாக வருகிறது. லாபம் தெரிந்தால் சூழலைக் காக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை சாட்சி. ஆனால் வாயு எடுத்த பிறகும் தண்ணீர் முழுதாகச் சுத்தமாவதில்லை. அடுத்த கட்டச் சுத்திகரிப்புக்குச் செலவுண்டு, வரவில்லை. அங்கேதான் தனி ஆலை நின்றுவிடுகிறது. கூட்டுறவு தேவைப்படுவதே இப்படிப்பட்ட இடத்தில்தான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தன. அந்தப் பூட்டு விழும்வரை சேலம் காத்திருக்கக் கூடாது. ஆலைகள் சிதறிக் கிடப்பதால் ஒரே பெரிய நிலையம் இங்கே சரிப்படாது என்பது உண்மை. நெருங்கிய நாலைந்து ஆலைகளுக்கு ஒன்று என்று அமைக்க, டெண்டரில் விற்கும் மூட்டைக்கு ஒரு சிறு தொகை பிடித்தாலே நிதி சேரும்.

இது நடக்காத காரியம் என்கிறவர்களுக்கு மாவுப்பூச்சி கதையைச் சொல்வேன். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சீக்கிரமே சேலம், நாமக்கல் காடுகளைப் பிடித்தது. கொழுந்து சுருண்டு செடி கட்டையாய் நின்றது. மருந்தடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. இதே பூச்சியை 1980-களில் ஆப்பிரிக்காவில் அடக்கியது அனகைரஸ் லோபெஸி என்ற ஒட்டுண்ணிக் குளவி. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அந்தக் குளவியை பெனின் நாட்டிலிருந்து 2021-ல் வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள். ஆப்பிரிக்க அனுபவமும் இந்திய ஆய்வகமும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் நம் ஊர் விவசாயியும் சேர்ந்த வேலை அது. குளவி காட்டுக்குக் காடு எல்லை பார்த்துப் பறப்பதில்லை. அதனால் எல்லோரும் சேர வேண்டியிருந்தது, சேர்ந்தார்கள். ஆற்றுத் தண்ணீருக்கும் எல்லை கிடையாது.

ஆலைக்காரர்கள் கெட்டவர்கள் என்பதல்ல என் வாதம். பலரும் கிழங்கு பயிரிட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்களே. அவர்கள் தொடங்கிய அமைப்பு விற்பனைப் பிரச்சினைக்காகப் பிறந்தது, அதைத் தீர்த்தும் காட்டியது. இன்றைய பிரச்சினைகள் வேறு. கிழங்கு கிடைக்காவிட்டால் ஆலை ஓடாது. விலை இல்லாவிட்டால் விவசாயி மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மாறிவிடுவார். தண்ணீர் கெட்டால் இருவருக்கும் பிழைப்பில்லை.

ஆகவே சேகோசர்வ் பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கிழங்கு விவசாயிகளுக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள், பாயிண்ட் பார்க்கும் கருவியை ஆலைக்கு வெளியே, சங்கத்தின் பொறுப்பில், விவசாயி கண்முன் வையுங்கள், தொண்ணூறு கிலோ மூட்டையின் டெண்டர் விலையோடு கிழங்கு விலையைக் கணக்குப்படி கட்டிப்போடுங்கள். இதற்குப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த பருவ அறுவடைக்கு முன்பே தொடங்கலாம்.